அக்டோபரில் கொட்டிய வெண்பனியும் அப்பா சொன்ன குளிரும்

வாசகர் கேள்வி – பதில்: வானிலைப் பக்கம்

இந்த மாதம் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதி, பிள்ளைகள் படிக்கப் போன குளிர்நாடுகளின் பனிப்புயலைப் பற்றியவை. மீதி, தோட்டத்துப் பழைய மழையையும் வெள்ளத்தையும் பற்றியவை. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். எல்லாக் கடிதமும் கடைசியில் கேட்பது "இப்படி முன்பு நடந்ததுண்டா?" என்பதைத்தான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நமக்குப் 'பனி' என்றால் விடியலில் கித்தா (ரப்பர்) இலையிலிருந்து தலையில் சொட்டுகிற ஈரம். அங்கே பஞ்சு பஞ்சாக விழுந்து தரையில் குவிவதை இந்தப் பக்கத்தில் 'வெண்பனி' என்றே எழுதுகிறோம்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் பஃபலோ நகரில் படிக்கிறாள். 2006 அக்டோபரில் கொட்டிய வெண்பனியைப் பற்றி வீட்டுக்கார அம்மா இன்னமும் பேசுகிறாராம். வருடத்துக்கு எட்டடி கொட்டுகிற ஊரில் இரண்டடிக்கு ஏன் இத்தனை பேச்சு? – வாசகி, குளுவாங்

பதில்: அளவை மட்டும் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயம்தான், அம்மா. பஃபலோவில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 240 சென்டிமீட்டர் அளவில் வெண்பனி விழும். 2006 அக்டோபர் 12, 13 தேதிகளில் விமான நிலையத்தில் அளந்தது 22.6 அங்குலம், அதாவது 57 சென்டிமீட்டர். ஜனவரியில் இதே அளவு விழுந்திருந்தால் இரண்டு நாளில் வழித்துத் தள்ளிவிட்டு மறந்திருப்பார்கள்.

அன்று மரங்களில் இலை இருந்தது. அதுதான் வித்தியாசம். ஜனவரியில் மேப்பிள் மரம் வெறும் குச்சி. வெண்பனி இடையில் புகுந்து கீழே விழுந்துவிடும். அக்டோபர் நடுவில் இலை முழுக்கக் கிளையிலேயே இருக்கும். ஒவ்வொரு இலையும் ஏந்திய உள்ளங்கை மாதிரி வெண்பனியைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, எடை. கடுங்குளிரில் விழும் வெண்பனி மாவு மாதிரி உலர்ந்தது. 15, 20 சென்டிமீட்டரை உருக்கினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் கிடைக்கும். பூஜ்யம் டிகிரியை ஒட்டி விழுவது ஈர வெண்பனி. ஏழெட்டு சென்டிமீட்டரிலேயே அவ்வளவு தண்ணீர் இருக்கும். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் ஒரு கிலோ. 57 சென்டிமீட்டரை எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 71 மில்லிமீட்டர் தண்ணீர். சதுர மீட்டருக்கு 71 கிலோ. ஒரு மரத்தின் கிளை விரிப்பு இருபது சதுர மீட்டர் என்று வையுங்கள். அதில் பாதி ஒட்டிக்கொண்டாலே முக்கால் டன்னுக்கு அருகில் போகிறது. கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தது. சுமார் 4 லட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தன. வீட்டுக்கார அம்மாவின் நினைவில் நிற்பது அந்த இருட்டு நாட்களும் வாசலில் விழுந்த மரமும்.

அக்டோபரிலேயே அவ்வளவு கொட்டியதற்குக் காரணம் பக்கத்திலிருக்கும் ஈரி ஏரி. கோடை வெப்பத்தை ஏரித் தண்ணீர் லேசில் விடாது. வடக்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று அதன் மேல் ஓடும்போது தண்ணீரிலிருந்து சூடும் ஈரமும் ஏறி மேகமாகும். கரையைத் தொட்டதும் ஒரு குறுகிய பட்டையில் கொட்டும். ஏரியின் மேற்பரப்புக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரக் காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும், இது தொடங்கிவிடும். அக்டோபரில் ஏரி இன்னும் வெதுவெதுப்பாக இருந்ததால் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தது. பட்டை குறுகியது என்பதால் நகரின் ஒரு பக்கம் முழங்காலளவு, சில கிலோமீட்டர் தள்ளி ஒன்றுமே இல்லை என்பதும் நடக்கும். ஒரே ஊர்க்காரர் இருவர் ஒரே நாளை இரண்டு விதமாகச் சொன்னால் யாரும் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

கேள்வி: அப்படி முன்கூட்டி வந்துவிட்டால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்? வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற மாதிரி சொல்லுங்கள். – ஒரு தாயார், சிம்பாங் ரெங்கம்

பதில்: எச்சரிக்கை வந்த அன்றே காரை மரத்தடியிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். கைபேசி, பவர்பேங்க் எல்லாம் முழுக்கச் சார்ஜ். மின்சாரம் போனால் குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சாப்பாடு நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் தாங்கும்.

கிளை முறிகிற சத்தம் துப்பாக்கி வெடிப்பது போல் கேட்கும். கேட்டுவிட்டு வேடிக்கை பார்க்க மரத்தடிக்குப் போகக்கூடாது. தொங்குகிற கம்பி எதுவானாலும் மின்சாரம் ஓடுகிறது என்றே வைத்துப் பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சின்னச் செடிகளின் வெண்பனியைத் துடைப்பத்தால் கீழிருந்து மேலாகத் தட்டலாம். மேலிருந்து அடித்தால் ஏற்கெனவே வளைந்த கிளை முறியும். உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதைத் தொடவே வேண்டாம்.

மிக முக்கியமானது கரிப்புகை. வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டக்கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகையிலோ ஓட்டக்கூடாது. ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வெளியே வைக்க வேண்டும். காருக்குள் ஹீட்டர் போட்டு உட்காருமுன் புகைக்குழாயைச் சுற்றி வெண்பனியை வழித்துவிட வேண்டும். இந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது. தலைவலி, தூக்கம் என்று ஆரம்பித்து ஆளை எழவிடாது. 2011 அக்டோபர் 29, 30 தேதிகளில் அமெரிக்க வடகிழக்கில் அடித்த புயலுக்குப் பிறகு கனெக்டிகட் மாநிலத்தில் இப்படி இறந்தவர்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு வெண்பனி புதிது. கரி அடுப்பு பழகியது. ஆகவே இந்த ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

கேள்வி: அக்டோபரிலேயே வெண்பனி வந்தால் அந்த வருடக் குளிர் கடுமையாக இருக்குமா? – வாசகர், காஹாங்

பதில்: இருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன 2011 புயலே சாட்சி. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் அன்று 2.9 அங்குலம் விழுந்தது. 1869-இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டில் அக்டோபரில் ஓர் அங்குலத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. எல்லோரும் பயங்கரக் குளிர்காலம் வரப்போகிறது என்றார்கள். அந்தப் பருவம் முழுக்க விழுந்தது மொத்தமே 7.4 அங்குலம், அக்டோபரில் விழுந்ததையும் சேர்த்து.

கேள்வி: நான் மினசோட்டாவில் வேலை செய்கிறேன். ஹாலோவீன் (அக்டோபர் 31, பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் நாள்) இரவென்றால் இடுப்பளவு வெண்பனியில் நடந்துதான் மிட்டாய் வாங்குவோம் என்று நாற்பது வயதைத் தாண்டிய சக ஊழியர்கள் சொல்கிறார்கள். பதிவேட்டில் அப்படித் தெரியவில்லையே? – வாசகர், பூர்வீகம் லாயாங்-லாயாங்

பதில்: தம்பி, அவர்கள் சொல்வது பெரும்பாலும் 1991. அக்டோபர் 31-இல் தொடங்கி நவம்பர் 3 வரை மினியாபொலிஸில் 28.4 அங்குலமும் துலூத் நகரில் 36.9 அங்குலமும் கொட்டியது. ஆனால் மினியாபொலிஸில் அக்டோபர் 31 நள்ளிரவு வரை அளந்தது 8.2 அங்குலம்தான், 21 சென்டிமீட்டர். பிள்ளைகள் வீடு வீடாகப் போன மாலை நேரத்தில் அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். மீதி இருபது அங்குலம் நவம்பரில் விழுந்தது. நினைவு நான்கு நாளையும் ஒரே இரவுக்குள் மடித்து வைத்துக்கொண்டது.

இடுப்பளவு என்பதும் பொய்யில்லை. நான்கு நாளும் விழுந்தது அமுங்காமல் நின்றிருந்தால் 72 சென்டிமீட்டர். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது இடுப்பு, வளர்ந்தவருக்குத் தொடை. சிறுவயதில் பார்த்த வெள்ளத்தையும் வெண்பனியையும் கேட்கும்போது, சொல்கிறவருக்கு அப்போது என்ன உயரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, ஒரு பெரிய வருடம் பல வருடங்களாகப் பெருகும். வெண்பனி இல்லாத ஹாலோவீனுக்கு அடையாளமாக எதுவும் இல்லை. அது நினைவில் தங்காது. தங்கிய ஒன்று 'எப்போதும்' ஆகிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. மெல்ல மெல்ல மாறுவதை நாம் சீக்கிரமே வழக்கமென்று எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் 200 கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை அலசி 2019-இல் வெளியான ஆய்வு, ஒரு வாரத்தின் வெயிலோ குளிரோ 'வழக்கத்துக்கு மாறானது' என்று மக்கள் முடிவு செய்ய ஒப்பிடுவது இரண்டு முதல் எட்டு வருடத்துக்குள் பார்த்ததைத்தான் என்று கண்டது. ஒரு நாள் அதிர்ச்சி ஆயுசுக்கும் நிற்கிறது. முப்பது வருட மாற்றம் நழுவிவிடுகிறது.

எண்ணிலும் ஓர் எச்சரிக்கை. வெண்பனியை அளக்க வெள்ளைச் சாயம் அடித்த பலகையைத் தரையில் சமமாக வைத்து, அளவுகோலை நட்டு அளந்து, துடைத்துவிட்டு, மறுபடி வைக்கிறார்கள். 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் துடைக்கக்கூடாது என்பது விதி. வெண்பனி தன் எடையிலேயே அமுங்கும். மணிக்கொரு தடவை துடைத்து அளந்தால் அமுங்காத புதுப் பனியையே கூட்டிக்கொண்டிருப்போம், மொத்தம் ஊதிவிடும். பழைய எண்ணோடு புது எண்ணை ஒப்பிடுமுன் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: நம் நாட்டில் வெண்பனி விழுமா? ஐஸ் கட்டி விழுந்த வீடியோ பார்த்தேன். – மாணவி, பாலோ

பதில்: விழுந்தது ஆலங்கட்டி. இடிமேகத்துக்குள் மேலே வீசும் காற்றில் மழைத்துளி ஏறி உறைந்து கட்டியாகி விழுவது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் மாலை இடிமழையோடு இங்கும் விழும். வெண்பனிக்கு மேகத்திலிருந்து தரை வரை காற்று பூஜ்யத்தை ஒட்டிக் குளிர்ந்திருக்க வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-இல் 7.8 டிகிரி. அதிகபட்சம் பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-இல் 40.1 டிகிரி.

கேள்வி: நவம்பர் கடைசியில் சியோல் போகிறோம். வெண்பனி டிசம்பரில்தான் என்கிறார் முகவர். நம்பலாமா? – வாசகர், குளுவாங்

பதில்: கனமான வெண்பனி அங்கே வழக்கமாக டிசம்பருக்குப் பிறகுதான். ஆனால் 2024 நவம்பர் 27-இல் சியோலில் கொட்டியது, 1907-இல் பதிவு தொடங்கிய பிறகு நவம்பரில் விழுந்தவற்றில் மிக அதிகம். விமானங்கள் நின்றன. தோக்கியோவிலும் 2016 நவம்பர் 24-இல் விழுந்தது. நவம்பரில் அங்கே வெண்பனி வந்தது 54 வருடத்துக்குப் பிறகு. ஆகவே ஈரம் புகாத, அடிப்பக்கம் பள்ளம் பள்ளமாக இருக்கிற காலணி ஒரு ஜோடி, திரும்பும் விமானத்துக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி. இந்த இரண்டும் போதும்.

கேள்வி: அறுபது, எழுபதுகளில் தோட்டத்தில் விடிகாலையில் பல் கிட்டும் என்கிறார் அப்பா. உண்மையிலேயே அவ்வளவு குளிரா, வயதான நினைவா? – வாசகி, ரெங்கம்

பதில்: குளிர் உண்மை. அதை அப்படியே இன்றைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டோடு ஒப்பிடுவதில்தான் சிக்கல்.

அப்பா குளிரை உணர்ந்த நேரத்தைப் பாருங்கள். பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு, ஐந்து, ஐந்தரை மணிக்கு. அதுவும் அந்தக் காலத்துக் கடிகாரத்தில். 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். பழைய ஐந்தரை இன்றைய ஆறு. இரவு முழுக்கச் சூட்டை வானத்துக்கு விட்டுக் கொண்டிருக்கும் தரை, சூரியன் எழுவதற்குச் சற்று முன்தான் மிகக் குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில், ஈர மரத்தடியில், பல நேரம் காலில் ஒன்றுமில்லாமல் நின்றவர் அவர். இன்று ஏழரைக்குக் கதவைத் திறக்கிறவர் அந்த நேரத்தைப் பார்ப்பதே இல்லை.

இடமும் மாறிவிட்டது. லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பள்ளத்தில் இருந்தால், சுற்றியிருக்கும் மேட்டிலிருந்து குளிர்காற்று இரவில் தண்ணீர் மாதிரி இறங்கி அங்கே தேங்கும். மெல்லிய பலகைச் சுவரும் தகரக்கூரையும் சூட்டைப் பிடித்து வைக்காது. தாமானில் சிமெண்டும் தாரும் பகல் வெயிலைக் குடித்துவிட்டு விடிய விடிய வெளியிடும்.

மாதத்தையும் கேளுங்கள். தை, மாசி என்பார். வடகிழக்குப் பருவக்காற்றின் பிற்பகுதி அது. மழை குறைந்து, வானம் தெளிந்து, காற்று உலர்ந்திருக்கும். கித்தா மரமும் அப்போதுதான் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். தரைக்கும் வானத்துக்கும் நடுவில் கூரை இல்லாத மாதிரி.

இவை எல்லாம் கழித்த பிறகும் மீதி இருக்கிறது. நாட்டின் வானிலை நிலையங்களின் பதிவுகள் வெப்பம் ஏறியிருப்பதைத்தான் காட்டுகின்றன. அப்பா சரிதான். ஆனால் அவர் உணர்ந்த வித்தியாசத்தில் எவ்வளவு பூமியுடையது, எவ்வளவு வீடு மாறியதால் வந்தது என்பதைப் பிரிக்க நினைவு போதாது. வீட்டு வாசலில் ஒன்றும், பழைய லயம் இருந்த பள்ளத்தில் ஒன்றுமாக ஒரே வகை வெப்பமானி இரண்டை நிழலில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஜனவரியில் ஒரு வாரம் காலை ஆறு மணிக்குப் படித்துப் பாருங்கள். இடத்தால் வருகிற வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கேள்வி: தோட்ட ஆபீஸ் இடிக்கும்போது பழைய மழைக்கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. மழை கொட்டித் தீர்த்தது, வேலையே இல்லை என்று கித்தா மரத்தில் பால்வெட்டியவர்கள் சொல்கிற வருடத்தில், புத்தகத்தில் மழை குறைவாக இருக்கிறது. எது சரி? – ஓய்வுபெற்ற ஆசிரியர், லாயாங்-லாயாங்

பதில்: ஐயா, இந்த மாதம் வந்ததிலேயே மிக அருமையான கேள்வி இதுதான். இரண்டுமே சரியாக இருக்க முடியும்.

விடிகாலை ஐந்து மணிக்கு இரண்டே மில்லிமீட்டர் தூறினால் பட்டை நனைந்துவிடும். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோட்டு வழியே மங்குக்கு (பால் சேரும் கிண்ணத்துக்கு) இறங்காமல் மரம் முழுக்கப் பரவி வீணாகும். வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில் இருக்கிற பாலும் கழுவிப் போகும். அன்று வெட்டு இல்லை. அதே நாள் மாலை நான்கு மணிக்கு 80 மில்லிமீட்டர் கொட்டினால்? பால் எப்போதோ ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தாகிவிட்டது, யாருக்கும் நட்டமில்லை. கிராணியின் (தோட்ட எழுத்தரின்) புத்தகம் 24 மணி நேர மொத்தத்தை எழுதுகிறது. பால்வெட்டியவரின் நினைவு விடிகாலை மழையையும் குறைந்த சம்பளத்தையும் எழுதி வைத்திருக்கிறது. செக்ரோல் (வேலையாட்களின் வருகை, சம்பளப் பதிவு) புத்தகமும் கிடைத்தால், மழையால் வெட்டு நின்ற நாட்களை எண்ணி மழைக்கணக்கின் பக்கத்தில் வையுங்கள். அவர்கள் சொன்ன வருடம் அங்கே தெரிய வாய்ப்பு அதிகம்.

புத்தகத்தைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். எண்கள் அங்குலத்தில், நூறில் ஒரு பங்கு வரை இருக்கும், 25.4-ஆல் பெருக்குங்கள். 3.25 என்றால் 82.6 மில்லிமீட்டர். மீட்டர் முறைக்கு மாறிய காலப் பக்கங்களில் இரண்டும் கலந்திருக்கலாம். ஒரே மாதத்தில் 0.40-உம் 35-உம் வந்தால் சந்தேகப்படுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியாகவும் திங்கட்கிழமை பெரிதாகவும் அடிக்கடி வந்தால், விடுமுறையில் யாரும் அளக்கவில்லை, திங்கள் எண்ணில் இரண்டு நாள் மழை இருக்கிறது என்று பொருள். காலியிடத்தை மழை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1-உம் 7-உம், 3-உம் 8-உம் பழைய மையில் ஒன்றுபோல் தெரியும். இருவர் தனித்தனியே படித்து எழுதி, மாதக் கடைசியில் போட்டிருக்கும் கூட்டலோடு சரிபாருங்கள். திடீரென்று ஒரு வருடத்திலிருந்து மழை குறைந்துகொண்டே போனால், மழைமானிக்குப் பக்கத்தில் மரம் வளர்ந்ததா, ஆபீஸ் இடம் மாறியதா என்று விசாரியுங்கள்.

புத்தகத்துக்கு டேப் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறை போட்டு அழுத்தாதீர்கள். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஓரத்தில் அளவுகோல் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். அட்டையையும் விடாதீர்கள், தோட்டத்தின் பெயரும் வருடமும் பல நேரம் அங்கே மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் மழை அளக்க ஆசை. கருவி வாங்கப் பணமில்லை. – ஆசிரியை, ரெங்கம்

பதில்: ஒரு புனலும் ஐந்து லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலும் போதும். புனலின் வாய் விட்டத்தை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளந்துகொள்ளுங்கள். 16 சென்டிமீட்டர் என்றால் ஆரம் 8; எட்டை எட்டால் பெருக்கி 3.14-ஆல் பெருக்கினால் 201 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு அதில் 20.1 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். காலையில் பாட்டிலில் இருப்பதை மருந்துக்கடையில் கிடைக்கிற அளவுக் குவளையால் அளந்து 20.1-ஆல் வகுத்தால் மழையளவு வந்துவிடும். 412 மில்லிலிட்டர் என்றால் 20.5 மில்லிமீட்டர்.

ஒன்றரை லிட்டர் பாட்டில் வேண்டாம். அது 75 மில்லிமீட்டரில் நிரம்பி வழியும். நம் பக்கத்து மாலை இடிமழை அதைத் தாண்டுவது அரிதல்ல. அளக்க மிகவும் தேவைப்படுகிற நாளில்தான் அது கைவிடும்.

வைக்கும் இடம்தான் கடினம். மூன்று மீட்டர் சுவர் இருந்தால் ஆறு மீட்டர் தள்ளி வையுங்கள். மரத்துக்கும் அதே கணக்கு. சிமெண்டுத் தரையானால் தெறிப்பு உள்ளே வரும். ஒரு மீட்டர் உயரக் கம்பத்தில் கட்டுங்கள். புனல் விளிம்பு சமமாக இருக்கிறதா என்று மட்டப்பலகையால் பாருங்கள். புனல் கழுத்தில் சின்னக் கம்பிவலை போட்டால் இலை அடைக்காது, கொசுவும் இறங்காது. ஒவ்வொரு நாளும் கொட்டிவிட வேண்டும். டிங்கி கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும். பாட்டிலுக்கு வெள்ளைத் துணியோ சாயமோ சுற்றினால் ஆவியாவதும் பாசி பிடிப்பதும் குறையும்.

தினமும் காலை எட்டு மணி. அந்த நேரத்தில் படித்த அளவு முந்தைய 24 மணி நேரத்துக்கு உரியது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மழை இல்லாத நாளுக்கு 0; பார்க்காத நாளுக்குக் கோடு; துளி விழுந்து அளக்க முடியாவிட்டால் 'துளி'. பள்ளி விடுமுறையில் யார் படிப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். நவம்பர், டிசம்பர் மழை விடுமுறையைப் பார்த்து நிற்பதில்லை. ஓர் ஓரத்தில் 'குறிப்பு' என்று இடம் விடுங்கள்: மழை எத்தனை மணிக்கு, எந்தச் சாலையில் தண்ணீர் ஏறியது, யார் வேலைக்குப் போகவில்லை. மேலே ஆசிரியர் ஐயாவின் புத்தகத்தில் இல்லாமல் போனது இந்தப் பத்திதான். மழை பெய்யும்போதே நேரம் பார்க்க முடிந்தால், ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டரைத் தாண்டுவது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் கணக்கில் மிகக் கனத்த மழை.

கேள்வி: பாட்டியிடம் வெள்ளம் வந்த வருடத்தைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு வருடம் சொல்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? – மாணவர், சிகாமட்

பதில்: வருடத்தைக் கேட்காதீர்கள் தம்பி. வருடம் பாட்டியின் நினைவில் எண்ணாக இல்லை. யார் வயிற்றில் இருந்தார், யாரைத் தோளில் தூக்கிப் போனார்கள், பள்ளி நடந்ததா, எந்தத் துரை, எந்தக் கங்காணி என்று கேளுங்கள். தோளில் போன பிள்ளையின் பிறப்புப் பத்திரம் வருடத்தைச் சொல்லும்.

பண்டிகை நல்ல கொக்கி. ஜொகூரில் 2006 டிசம்பர் பிற்பகுதியில் ஒரு வெள்ளம், தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடிக்குமுன் 2007 ஜனவரி நடுவில் இன்னொன்று. இன்று கேட்டால் பலர் ஒன்றாகவே சொல்வார்கள். பொங்கல் பானை வைக்க அடுப்படி இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது. புத்தாண்டுக்குள் வடிந்துவிட்டது என்றால் முதலாவது. 1971 ஜனவரி வெள்ளத்தைக் கேட்கும்போதும் இப்படியே பக்கத்திலிருக்கும் பண்டிகையைக் கேளுங்கள். 2023 மார்ச்சிலும் ஒரு வெள்ளம். பருவம் முடிகிற நேரத்தில் வந்தது என்பதால் "மழைக்காலமே இல்லை, அப்போது வந்தது" என்பார்கள்.

உயரத்தை வார்த்தையில் வாங்காமல் சுவரில் வாங்குங்கள். "எதுவரை?" என்று கேட்டு, பாட்டி கை வைத்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தரையிலிருந்து டேப்பால் அளந்து எழுதுங்கள். வீடு மாறியிருந்தால் அப்போதைய சாமி படமோ ஜன்னலோ எந்த உயரத்தில் இருந்தது, தண்ணீர் அதற்கு மேலா கீழா என்று கேளுங்கள். இரண்டு பேரைத் தனித்தனியே கேளுங்கள். ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர் சொன்னதே மற்றவர் நினைவாகிவிடும். மாதமும் ஏறக்குறைய வருடமும் கிடைத்த பிறகு, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் அந்த வாரத்துப் பழைய நாளிதழ்களைத் தேடுங்கள். ஊர்ப் பெயரின் பழைய எழுத்துகளையும் போட்டுப் பாருங்கள். 'சிகாமட்' என்பதே மூன்று நான்கு விதமாக அச்சாகியிருக்கும்.